நாகூர்க் கொடி கல்முனைக்கு வந்த வழி

கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் யாரும் அடக்கப்படவில்லை. நாகூர் ஆண்டகை சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் அங்கே ஸியாரம் இருக்கிறது, மினாரா இருக்கிறது, நேர்ச்சைக் காசு விழும் உண்டியல் இருக்கிறது, ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் விழாவும் நடக்கிறது. ஆண்டகை மட்டும் அங்கே இல்லை. அவர் அடங்கியிருப்பது கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு நாகூரில். நேர்கோட்டில் அளந்தாலே நானூறு கிலோமீற்றருக்கு மேல் வரும். அப்படியானால் கல்முனையில் இருப்பதென்ன என்று கேட்டால் ஒரு துணியைத்தான் காட்ட வேண்டும். ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை கண்டதும் மினாராவில் ஏறி, பன்னிரண்டு நாள் உப்புக்காற்றில் அடிபட்டு, கந்தூரிச் சோறு ஆக்கும் நாளில் இறங்கும் கொடி அது.

பிரான்சின் தெற்கே கொங்க் என்று ஒரு மலைக்கிராமம் உண்டு. மத்தியகாலத்து வீடுகளும் கல் பாவிய ஒழுங்கைகளும் அப்படியே இருப்பதால் இன்று உல்லாசப் பயணிகள் தேடிப் போகிற ஊர். 9ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் மடத்துத் துறவி ஒருவர் ஆஜன் என்ற நகரத்துக்குப் போய், அங்குள்ளவர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து, புனித ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகளைத் திருடிக்கொண்டு வந்தாராம். இதைக் குற்றச்சாட்டாக வேறு யாரும் சொல்லவில்லை; அந்த மடத்தார் தாமே பெருமையாக எழுதிவைத்தார்கள். எலும்பு வந்தது, யாத்திரிகர் வந்தார்கள், காசு வந்தது, பெரிய தேவாலயம் எழுந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு பட்டிக்காடு புனிதத்தலமாக வேண்டுமென்றால் எலும்போ பல்லோ ஏதாவது ஒன்று கைக்கு வர வேண்டும். நம்முடைய தீவும் அதற்கு விலக்கல்ல. கண்டிக்குப் புத்தரின் ஒரு தந்தம். கல்முனையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால், இதே அம்பாறை மாவட்டத்தில், தீகவாபித் தூபி.

கடற்கரைப்பள்ளிக்கு அந்த வழி தேவைப்படவில்லை. நாகூரில் எதையும் தோண்டவில்லை, யாரும் எதையும் திருடவுமில்லை. ஒரு கொடியையும், அதை ஏற்ற வேண்டிய நாளையும், ஏற்றும்போது ஓத வேண்டியதையும் கொண்டுவந்தார்கள். அவ்வளவு போதுமாயிருந்தது.

சாஹுல் ஹமீது 16ஆம் நூற்றாண்டுக்காரர். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் முகம்மது கௌது என்ற ஷத்தாரியா ஞானியிடம் பயின்று, மக்காவுக்குப் போய், சீடர் கூட்டத்தோடு பல நாடு சுற்றிக் கடைசியில் சோழமண்டலக் கரையில் தங்கினார். போகிற வழியில் அவர் தொட்ட இடங்களின் பட்டியலை நாகூர் மரபு நீட்டிச் சொல்லும். மாலைதீவும் இலங்கையும் அதில் உண்டு. தஞ்சாவூர் நாயக்க மன்னர் அச்சுதப்பரின் நோயைத் தீர்த்து வைத்ததற்குக் கிடைத்த நிலத்தில்தான் நாகூர் வந்தது என்பதும் அந்த மரபே.

கல்முனைக்காரருக்கு முக்கியமான கதை வேறு. ஆண்டகை ஒருநாள் நாவிதரிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டையாகி மூழ்கப் பார்க்கிறது. கப்பலில் இருந்தவர்கள் அவரைக் கூப்பிட்டு அழுகிறார்கள். நாவிதரின் கண்ணாடியைப் பிடுங்கி அவர் வீசி எறிய, அது போய் ஓட்டையில் ஒட்டிக்கொள்கிறது. நாவிதர் திகைக்கிறார், பிறகு கப்பல் கரைக்கு வந்து சேர்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து பினாங்கு வரை, கடலை நம்பிப் பிழைத்தவர்களிடையே ஆண்டகை நிலைத்தது இந்தக் கதையின் பலத்தில்தான். அவர் எத்தனை கிதாபு ஓதியவர் என்பது வள்ளக்காரனுக்குத் தேவையில்லை. ஓட்டை அடைபட வேண்டும், அதுதான் அவனுக்குத் தேவை.

நாகூர் தர்காவுக்கு ஐந்து மினாரா. பெரிய மினாராவின் உயரம் 131 அடி. அதைக் கட்டுவித்தவர் பிரதாப் சிங், தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர், அதாவது ஓர் இந்து மன்னர். காலம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சோழமண்டலக் கரை தட்டையானது. மலையும் இல்லை, பாறைமுனையும் இல்லை. கடலில் வருகிறவனுக்கு மணல்கோடு ஒன்றுதான் தெரியும், அதுவும் நெருங்கிய பிறகு. அந்தக் கரையில் ஐந்து கோபுரம் எழுந்து நின்றால் அதுவே கலங்கரை விளக்கம். கந்தூரி தொடங்கும்போது அந்த ஐந்திலும் கொடி ஏறும். கொடிகள் நாகபட்டினத்திலிருந்து ரதங்களில் ஊர்வலமாக வரும், சில ரதங்கள் கப்பல் வடிவில் செய்யப்பட்டிருக்கும். தெருவில் கப்பல் ஓட்டிக் கொடி கொண்டுவருகிற விழா என்பதைக் கவனிக்க வேண்டும். நாகூரில் ஏறுவது பாய்மரக் கொடியின் உறவுக்காரன் என்று நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடியைக் கடல் கடந்து சுமந்தவர்களும் அந்தப் பாய்மரக்காரர்கள்தான். மலாய்ப் பக்கம் போன சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம் வணிகர்கள், பினாங்கில் ஆங்கிலேயர் 1786இல் குடியேறிய சிறிது காலத்துக்குள்ளேயே, நாகூராண்டகை பேரில் ஓர் இடம் கட்டிவிட்டார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் இன்னொன்று எழுந்தது. இரண்டிலும் கபுறு, அதாவது அடக்கம், இல்லை. தெலுக் ஆயர் அன்று கடற்கரை வீதி. வந்து இறங்கிய கப்பல்காரர் முதல் வேலையாக நன்றி சொல்ல வசதியான இடம். பிறகு கடலை மண்ணிட்டு நிரப்பினார்கள். கடல் தூரப் போனது. கட்டடத்தை 1974இல் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள், 2011இல் அது இந்திய முஸ்லிம் மரபுரிமை நிலையமாகத் திறக்கப்பட்டது. இப்போது அதைச் சுற்றி வங்கிக் கட்டடங்கள். படம் எடுக்க அழகான இடம்தான். ஆனால் அங்கே ஓட்டை வள்ளத்தோடு யாரும் வருவதில்லை.

கல்முனைக்குடியில் கடல் அதே இடத்தில்தான் இருக்கிறது. கரைவலை இழுப்பவர்களும் வள்ளம் தள்ளுபவர்களும் பள்ளியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். கிளைகளில் கல்முனையை நான் மேலாக வைப்பது இதற்காக.

நாகூருக்கும் மட்டக்களப்புக் கரைக்கும் இடையில் இந்தத் தொடர்பு எப்படி வளர்ந்தது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவுமில்லை. மட்டக்களப்பு 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, நாகபட்டினம் 1658இல். அதற்குப் பிறகு 1781 வரை பெரும்பாலான காலம் இரண்டு துறையிலும் பறந்தது ஒரே ஒல்லாந்தக் கம்பனியின் கொடி. கல்முனை அடங்கும் மட்டக்களப்புத் தெற்கில், பழைய பெயரில் சொன்னால் கரைவாகு, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கங்களில், சோனகர் அதற்கு முன்பே குடியிருந்தார்கள். போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி அரசன் செனரத் 1626இல் நாலாயிரம் பேரைக் கிழக்கே குடியமர்த்தினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். வயலும் வாவியும் இருந்த இடம். நெல் இருந்தது. துணியும் பாத்திரமும் வெளியிலிருந்து வந்தன. துணி வந்த திசையிலிருந்துதான் கொடியும் வந்தது.

தோணிகளுக்குக் காற்றுதான் கால அட்டவணை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயத்தில் சோழமண்டலத் துறைகள் ஓய்ந்துவிடும். தை மாசியில் வாடை பதமாகும்போது தோணிகள் தெற்கே இறங்கும். பருத்தித்துறையைச் சுற்றித் திருகோணமலை கடந்து இந்தக் கரைக்கு வரும். கச்சான் எழும்பிய பிறகு திரும்பும். இடையில் கிடைத்த மாதங்களில் வந்தவர்கள் கடன் கொடுத்தார்கள், கலியாணம் செய்தார்கள், மௌலித் ஓதினார்கள். கடற்கரைப்பள்ளி பிறந்த விதத்தை ஊர் ஒரு கனவாகவும் காட்சியாகவும் சொல்லும். ஆண்டகை இந்த மணலில் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்தார் என்பது அதன் சாரம். அந்தக் கனவுக்கு முன்னால் பல வருடக் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கேள்விப்படாத ஒருவர் யாருடைய கனவிலும் வருவதில்லை. கொடியேற்று விழாவின் எண்ணிக்கை இப்போது இருநூறைத் தாண்டிவிட்டது. இஸ்லாமிய வருடக் கணக்கு என்பதால், சூரிய வருடத்தில் அதைவிட ஏறக்குறைய ஆறு வருடம் குறையும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு விஷயம் வருகிறது. பிறை வருடம் பத்துப் பதினொரு நாள் குட்டை. ஆகவே விழா ஆண்டுதோறும் அவ்வளவு நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய முப்பத்துமூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 2005இல் தலைப்பிறை யூலையில் விழுந்தது. அது கச்சான் மாதம்; நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் வெக்கைக் காற்று. அந்தக் காலத்தில் மினாராவில் ஏறும் கொடியின் வால் கடலைப் பார்க்கும். 2018, 2019இல் விழா பெப்ரவரியில் வந்தது. பெரும்போக அறுவடை வாசலில், புது நெல் கையில், கந்தூரிக்கு அரிசி கொடுக்க மனமும் தாராளமாக இருக்கும் காலம். 2023, 2024இல் டிசம்பர். வாடை கடலிலிருந்து அடிக்கும், மழை சாய்ந்து விழும், கடல் கறுத்துக் குமுறும். கொடியின் வால் ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும். கடலோடியின் பெரியவருக்கு ஏற்றிய கொடி கடலைக் காட்டுவதும் வயலைக் காட்டுவதும் இப்படிப் பிறையின் கையில் இருக்கிறது.

கொடியின் கடைசிப் பயணம் மிகவும் குட்டையானது. ஊரின் பெரிய ஜும்ஆப் பள்ளியிலிருந்து வீதி சுற்றிக் கடற்கரைக்குப் போவது, அவ்வளவுதான். ஆனால் பார்க்க வேண்டிய பகுதி இதுவே. முன்னால் பக்கீர்மார் றபான் தட்டிக்கொண்டு போவார்கள். றபானின் அடி முதலில் நிதானமாக இருக்கும், வீதி குறுகும் இடத்தில் மதிலில் பட்டுத் திரும்பி இரட்டிப்பாகும். பின்னால் கொடி; அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் நீளும். பெண்கள் வாசற்கடப்பிலும் மதிலோரத்திலும் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். கடற்கரை நெருங்கினால் மணலில் கடைகள்: மஸ்கற், தொதல், பூந்தி, வளையல், பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வளர்ந்த யாரைக் கேட்டாலும் முதல் ஞாபகம் அந்த மஸ்கற்தான் வரும், ஓதியது பிறகுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; கொங்க் யாத்திரிகரும் அப்படித்தான் இருந்திருப்பார்.

கடற்காற்றில் பறக்கும் எந்தத் துணியையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கயிற்றோடு சேரும் பக்கம் கனமாக மடித்துத் தைத்திருக்கும், அங்கே ஒன்றும் ஆகாது. சேதம் எப்போதும் எதிர்ப்பக்கத்தில், காற்றில் சொடுக்கும் ஓரத்தில் தொடங்கும். முதலில் தையல் நூல் விடும். பிறகு குறுக்கு இழை ஒவ்வொன்றாகக் கழன்று, நெடுக்கு இழைகள் மட்டும் மீசையாகத் தொங்கும். உப்பு படிந்து துணி விறைக்கும். மழை பெய்தால் இளகி, காய்ந்தால் முன்னைவிட மொரமொரப்பாகும். பருத்தியென்றால் சாயம் முதலில் போகும், செயற்கை நூலென்றால் ஓரம் முதலில் போகும். பக்கத்து மருதமுனையில் தறி வைத்திருக்கும் யாரிடம் கொடுத்தாலும் எந்தப் பக்கம் காற்று வாங்கியது என்று சொல்லிவிடுவார்கள். நிலத்தில் பன்னிரண்டு நாள் துணிக்கு ஒரு வயதே இல்லை. மினாரா உச்சியில் அது நீண்ட வயது. எலும்பை வெள்ளிப் பேழையில் பூட்டி வைக்கலாம். கொடியைப் பூட்டி வைத்தால் அது கொடியில்லை. ஆகவே கிழிந்ததை மாற்றியே தீர வேண்டும், மாற்றுவதற்கு ஆட்கள் வேண்டும், காசு வேண்டும், நேர்ச்சை வைக்க ஒருவருக்கு ஒரு கவலையாவது வேண்டும்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லாதபடி இந்தக் கரையின் சமூக அமைப்பே பார்த்துக்கொண்டது. அம்பாறைக் கரை முஸ்லிம்கள் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்தவர்கள். அயலிலுள்ள தமிழருக்கும் அதே முறை. பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வந்து இருப்பார். பழைய ஒழுங்கில் பள்ளி நிர்வாகம் குடிக்கொரு மரைக்கார் என்று அமைந்தது. கந்தூரி என்றால் எந்தக் குடி எதைக் கொடுக்கும், யார் முன்னே நிற்பார் என்பதெல்லாம் இந்த மரைக்கார்மார் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் விவகாரம். பேசித் தீராமல் போனதும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் இருந்து இந்தக் குடிமுறையை விரிவாக எழுதியவர். 2008இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் இந்தக் கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே புத்தகத்தில் வைத்துப் பேசுகிறது. இரண்டு பக்கத்திலும் சிலருக்கு அது பிடிக்காமல் போயிருக்கும்.

ஒரே புத்தகத்தில் வைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் கொடியும் அப்படித்தான். திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயிலில் ஆடி அமாவாசை உற்சவம் கொடியேற்றத்தோடு தொடங்கும். நாகூருக்குத் தெற்கே, நாகபட்டினம் தாண்டி, வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29ஆம் திகதி கொடி ஏறும். நாகூரில் ஜமாதுல் ஆகிர் தொடக்கத்தில் ஏறும். ஒரு சின்னக் கடற்கரைத் துண்டில் இரண்டு மதத்துக்காரர், இந்தப் பக்கம் வந்தால் மூன்றாமவர். கொடியேற்றம் கோயிலிலிருந்து காப்பியடித்தது என்று சில மௌலவிமார் கண்டிப்பார்கள். அவர்களுக்குப் பதிலாக, கோயிலே எங்களைப் பார்த்தது என்று சொல்லவும் ஆள் உண்டு. யார் யாரிடம் எடுத்தது என்று இன்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. கடலில் போன எவனும் கரையில் ஒரு கம்பத்தைத் தேடியவன் என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்கிறேன். ஒருகாலத்தில் பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கத் தமிழரும் கடற்கரைப்பள்ளிக்கு நேர்த்தி வைத்து வந்தார்கள். 1985இல் தொடங்கிய தமிழ் முஸ்லிம் கலவரங்களும் 1990இன் கொலைகளும் அந்தப் போக்குவரத்தை ஒடுக்கிவிட்டன. ஊர் எல்லையில் ஒரு வீதிதான் குறுக்கே கிடந்தது, அதைக் கடக்கத்தான் துணிவு வரவில்லை.

உள்ளிருந்து வந்த எதிர்ப்பு வேறு. வளைகுடாவில் வேலை செய்து வந்த காசும், மதீனாவில் ஓதி வந்த படிப்பும், தவ்ஹீத் ஜமாஅத்துகளின் பிரசாரமும் கந்தூரியைக் கேள்விக்குள்ளாக்கின. அவுலியாவின் பேரால் கேட்பது சிர்க், அதாவது இணைவைப்பு; கொடியைத் தொட்டு முத்துவது பித்அத், அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுமை; அடக்கமே இல்லாத இடத்தில் ஸியாரம் வைப்பது அதைவிட மோசம். காத்தான்குடியில் சூபிகளுக்கும் எதிர்ப்பாளருக்கும் இடையிலான பிளவு வன்முறை வரை போனது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் இந்த வாதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கபுறு வணக்கம் என்று கண்டிப்பவர்களுக்குக் கல்முனையில் இடிக்க ஒரு கபுறு இல்லை. கொடியை இறக்கிவிடலாம், அதை ஊரே பன்னிரண்டாம் நாள் தானாக இறக்கிவிடுகிறது.

பிறகு 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா. அந்தக் காலை எழும்பிய அலை கொடியின் பயணத்தினுடைய இரண்டு முனையையும் அடித்தது. இந்தியப் பெருநிலத்தில் மிக மோசமாக அழிந்தது நாகபட்டினம் மாவட்டம். அங்கே ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர். இலங்கையில் மிக அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். நாகூர் தர்கா உயிர் தப்பியவர்களுக்கு இடம் கொடுத்தது. கல்முனைக்குடியில் கடலோர வீடுகள் வரிசை வரிசையாகப் போயின. கடற்கரைப்பள்ளியும் தப்பவில்லை, சேதம் பெரிது. இடம் மட்டும் அழியவில்லை. கடலோடியைக் காப்பாற்றுகிறவரின் வாசலில் இத்தனை பேர் செத்தார்களே என்று கேட்டவர்கள் இருந்தார்கள், கந்தூரி வைத்த பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசியவர்களும் இருந்தார்கள். இரண்டு பேச்சும் ஜனாஸாக்களுக்கு மேல் நின்று பேசத் தகாத பேச்சு. நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் திருக்கோவிலிலும் அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை.

அலைக்குப் பிறகு அரசாங்கம் வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குக் கட்டடம் கட்டக்கூடாது என்று வலயம் போட்டது; தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வித்தியாசம் ஏன் என்று கிழக்கில் கேட்காதவர் இல்லை. கரையோரக் குடும்பங்கள் உள்ளே, வயல் நிரப்பிய நிலத்தில் எழுந்த மாடிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். மகளுக்கு வீடு கொடுக்க வேண்டிய சமூகத்தில் ஒரு மாடிவீட்டை எப்படி இரண்டு மகள்மாருக்குப் பிரிப்பது என்பது இன்றும் தீராத வழக்கு. கொடி போகும் வழியில் பழைய வீட்டு வாசல்கள் குறைந்தன; தொட்டு ஒற்றிக்கொள்ள வந்தவர்கள் தூரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வர வேண்டியதாயிற்று. வந்தார்கள். சுனாமிக்குப் பிறகும் கொடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது கரைக்கே ஆபத்து வந்திருக்கிறது, இம்முறை மெதுவாக. இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தும். ஒலுவிலில் துறைமுகத்துக்குக் கடலில் கல்லணை நீட்டியதும் மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கியது. வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் தென்னைகளையும் நிலத்தையும் கடலுக்குக் கொடுத்தன. 2013இல் திறந்த துறைமுகத்தில் வணிகக் கப்பல் வந்து நின்றதைவிட மணல் வந்து நின்றதுதான் அதிகம். நிந்தவூருக்கு வடக்கே காரைதீவு, அதற்கு வடக்கே சாய்ந்தமருது, அதற்கு அடுத்தது கல்முனைக்குடி. ஓர் ஆண்டகையின் கண்ணாடி அடைக்கக்கூடிய ஓட்டையல்ல இது. பொறியியலாளர்கள் உருவாக்கியது, அவர்களே அடைக்க வேண்டும்.

கொடியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 2026இல் தலைப்பிறை நவம்பர் இரண்டாம் வாரத்தில் வரும், சரியான நாளைப் பிறை பார்த்த பிறகுதான் அறிவிப்பார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, பஸ்சுக்குக் குறைவில்லை. ஊர்வலம் கடற்கரைக்குத் திரும்பும் முன்பே போய் மினாராவுக்குத் தென்புறம் மணலில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. வாடை தொடங்கும் காலம். குடை இருந்தாலும் பிரயோசனமில்லை, காற்று அதைக் கொண்டுபோய்விடும்.